கைகூப்பிய வீடு

ஒரே வீட்டில் நாற்பது பேர் வாழ்ந்தார்கள் என்றால் நம் ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். "எங்கள் தாத்தா காலத்தில் வேளைக்கு ஐம்பது இலை விழும்" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மில் அநேகர். அந்தப் பெருமூச்சை நானும் விட்டிருக்கிறேன். கதைகளில் விட்டதற்குச் சன்மானமும் வாங்கியிருக்கிறேன். ஆகையால், ஜப்பானில் மலைகளுக்கு நடுவே ஒரு குடியானவர் வீட்டில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்றும், அந்த வீடு இன்னும் நிற்கிறது என்றும் படித்தபோது, அதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தும் விட்டேன். போகும்போது என்னிடம் இருந்த பெருமூச்சு திரும்பி வரும்போது இல்லை. அது எங்கே தொலைந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடு ஷிராகாவா என்ற கிராமத்தில் இருக்கிறது. கிஃபு மாகாணத்தில், ஹிடா மலைநாட்டின் மேற்கு ஓரத்தில், ஷோ என்ற ஆறு வடக்கு நோக்கி ஓடும் பள்ளத்தாக்கு. கிராமம் என்றால் ஒரே ஊர் அல்ல. ஆற்றங்கரை நெடுகச் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களுக்குச் சேர்த்து இட்ட பெயர். அதன் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு காடும் மலையுந்தான். மிச்சமிருக்கும் கையகல நிலத்தில் வீடும் வேண்டும், வயலும் வேண்டும், சுடுகாடும் வேண்டும். போதாக்குறைக்குப் பனிக்காலத்தில் ஆள் உயரத்தையும் தாண்டிப் பனி குவிந்துவிடும். இன்று மலையைக் குடைந்து போட்ட சாலையில் தகாயாமா நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பஸ் கொண்டுவந்து விடுகிறது. முன்பெல்லாம் முதல் பனி விழுந்ததென்றால் வசந்த காலம் வரையில் வெளியுலகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டியதுதான்.

தோயாமா குடும்பத்தின் வீடு என்று அதற்குப் பெயர். மிபோரோ என்ற சிற்றூரில், சாலையோரத்தில், 1827-ஆம் வருஷம் கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் வீடு என்றே தோன்றாது. வைக்கோல் போரை இரு பக்கமும் சீவி நிறுத்தியது போல ஒரே கூரை. சுவர் ஏதோ கூரைக்குப் பீடம் போட்டது போல அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. கூரையின் இரண்டு சரிவுகளும் ஏறக்குறைய அறுபது பாகைச் செங்குத்தில் எழும்பி உச்சியில் கூடுகின்றன. இரண்டு கைகளையும் கூப்பிப் பிரார்த்தனை செய்வது போன்ற தோற்றம். ஆகவேதான் இந்த மாதிரி வீட்டுக்கு 'கஷ்ஷோ-சுகுரி' என்று பெயர். கைகூப்பிய கட்டு என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பக்கத்து ஜனங்கள் அமிதாப புத்தரின் நாமத்தைச் சொல்லிக் கரையேறலாம் என்று நம்பும் ஷின் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டின் நல்ல அறை மனிதர்களுக்கு இல்லை, பூஜை மாடத்துக்குத்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் முதலில் வரவேற்றது புகை. தரையில் சதுரமாகப் பள்ளம் விட்டு அமைத்த கணப்பில் இரண்டு கட்டைகள் சோம்பலாகக் கனன்றுகொண்டிருந்தன. மேலே ஒரு மரத் தட்டி தொங்குகிறது. பொறி பறந்து கூரையில் பற்றிக்கொள்ளாமல் அது மறித்துவிடும். சூட்டையும் நாலாபுறமும் பரப்பிவிடும். புகைபோக்கி என்று எதுவும் கிடையாது. புகை தன் இஷ்டம் போல எழுந்து, மேல்தளத்தின் இடுக்குகள் வழியே நுழைந்து, அதற்கும் மேலே போய், கடைசியில் கூரைப் புல்லுக்குள் கசிந்து வெளியேறுகிறது. தூண், உத்தரம், தரைப்பலகை எல்லாம் ஒரே கறுப்பு. அழுக்குக் கறுப்பு அல்ல. நெடுங்காலம் எண்ணெய் குடித்த கோயில் தீபஸ்தம்பத்தின் கறுப்பு.

கட்டடக் கலை எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த வீட்டில் இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் இருக்க முடியாது. முதலாவது, இது ஒரு வீடு அல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு வீடுகள். கீழ்த்தளம் தச்சர்களின் வேலை. தூண், உத்தரம், பொருத்துவாய் எல்லாம் உளி பேசும் கச்சிதம். மேலே உள்ள கூரையோ ஊரார் தாங்களே கட்டியது. அதில் ஓர் ஆணி கிடையாது. இரண்டு இரண்டாகச் சாய்த்து நிறுத்திய பெரும் மரங்களை வைக்கோல் கயிற்றாலும், ஒரு வகைக் காட்டுச் செடியின் இளங்கொம்புகளாலும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். பச்சையாக இருக்கும்போது அந்தக் கொம்பை முறுக்கிக் கட்டிவிட்டால், காயக் காயத் தானே இறுகிக்கொள்ளும். சாய்மரங்களின் அடியைப் பென்சில் முனை போலச் சீவி, கீழ் உத்தரத்தின் குழியில் வெறுமனே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். காற்று அடித்தாலும் பூமி ஆடினாலும் கூரை சற்று அசைந்து கொடுத்துவிட்டு, பழையபடி உட்கார்ந்துகொள்ளும். விறைப்பாக நிற்பவன் முறிவான், அசைந்து கொடுப்பவன் பிழைப்பான் என்பது மரத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

இரண்டாவது, சில உத்தரங்கள் ஒரு முனையில் வில்லாக வளைந்திருப்பது. அது தச்சன் வளைத்த வளைவு அல்ல. மலைச்சரிவில் முளைத்த கன்றைப் பனி வருஷா வருஷம் அழுத்திச் சாய்க்கிறது. கன்று சாய்ந்து, பிறகு வானத்தைத் தேடி நிமிர்கிறது. இப்படி அடியில் வளைந்து வளர்ந்த மரங்களையே தேடி வெட்டிவந்து, தாழ்ந்த தூணுக்கும் உயர்ந்த தூணுக்கும் பாலமாகப் போட்டிருக்கிறார்கள். நேரான மரத்தைச் செதுக்கி வளைத்தால் அதன் பலம் போய்விடும். வளைந்தே வளர்ந்ததற்குப் பலம் குறையாது. கஷ்டப்பட்டு வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது.

1935-இல் புரூனோ டௌட் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் சொந்த நாட்டை விட்டு வெளியேறி ஜப்பானில் தங்கியிருந்தவர். இந்தக் கூரைகளைப் பார்த்து, இவ்வளவு நியாயமும் தர்க்கமும் உள்ள கட்டுமானம் ஜப்பானிலேயே அபூர்வம் என்று பாராட்டி எழுதினார். அவர் எழுத்தினால் இந்த வீடுகளின் புகழ் ஊர் தாண்டிப் பரவியது. தர்க்கம் என்று அவர் சொன்னது சரியான சொல்தான். ஆனால் அந்தத் தர்க்கம் எதைக் காப்பாற்றப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் ஏணி ஏறி மேலே போக வேண்டும்.

மேலே போனேன். கூரைக்குள்ளேயே மாடி மேல் மாடியாக அடுக்கியிருக்கிறார்கள். தரை முழுவதும் இடைவெளி விட்டுப் பரப்பிய பலகைகளும் பிளாச்சுகளும். கீழே எரியும் கணப்பு இடுக்கு வழியே கண் சிமிட்டுகிறது. வீட்டின் இரண்டு முகப்பிலும் காகிதம் ஒட்டிய ஜன்னல்கள். பள்ளத்தாக்கில் காற்று வீசும் திசையை அனுசரித்து, பக்கத்து ஓகிமாச்சியில் வீடுகளையெல்லாம் ஒரே முகமாக வடக்குத் தெற்காக நிறுத்தியிருக்கிறார்கள். காற்று கூரையின் அகன்ற பக்கத்தில் மோதாது. வெயில் காலையில் ஒரு சரிவையும் மாலையில் மற்றதையும் காயவைக்கும். இவ்வளவு வெளிச்சமும் காற்றும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் யார் குடியிருந்தார்கள் என்றால், பட்டுப்புழுக்கள்!

நெல் விளைய இடமில்லாத ஊர். காட்டை எரித்துச் சாம்பலில் தினையும் குதிரைவாலியும் விதைத்துச் சாப்பிட்டவர்கள். வயிற்றுக்கு மேல் ஒரு காசு வேண்டுமென்றால் மல்பெரி இலை பறித்துப் புழு வளர்க்க வேண்டும். மல்பெரி மலைச்சரிவில் வளரும். புழு வளர்க்கத் தனி நிலம் எதற்கு? கூரையை உயர்த்தினால் போயிற்று. பனி வழுக்கி விழவும் செங்குத்துக் கூரை நல்லது, உள்ளே அடுக்குகள் வைக்கவும் நல்லது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பட்டுத் தொழில் வளர வளர, கூரையும் வளர்ந்தது. டௌட் கண்ட தர்க்கத்தில் பாதி பனியினுடையது, பாதி புழுவினுடையது.

தரைக்கு அடியிலும் ஒரு தொழில் நடந்தது. இந்த வட்டாரத்து வீடுகளில் கணப்புக்குப் பக்கத்தில் குழி தோண்டி, மண்ணும் சணல் வகைத் தட்டையும் மாசிப்பத்திரி இனத்துச் செடியும் பட்டுப்புழு எச்சமும் மாற்றி மாற்றிப் பரப்பி, நாலைந்து வருஷம் ஊறவைப்பார்கள். பிறகு அந்த மண்ணில் தண்ணீர் விட்டு வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு கிடைக்கும். துப்பாக்கி மருந்துக்கு அதுதானே உயிர்? பக்கத்துக் கொக்கயாமா பகுதியிலிருந்து காகா பிரபுவின் களஞ்சியத்துக்கு அந்த உப்புப் போயிற்று. அதே காலத்தில் நம் பிஹார் மண்ணிலிருந்தும் வெடியுப்பு வடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன என்பது என் ஞாபகத்துக்கு வந்தது. மெய்ஜி காலத்தில் சிலி தேசத்து உப்பு மலிவாக வந்து இறங்கவே இந்தக் குழிகள் மூடப்பட்டன. ஆக, உச்சியில் பட்டு, அடியில் வெடிமருந்து, நடுவில் மனிதர்கள். மேலே கைகூப்பு, கீழே துப்பாக்கி! கதாசிரியன் கற்பனை செய்திருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த நடுவில் இருந்த மனிதர்களின் கதைக்கு வருகிறேன்.

இவ்வளவு வேலைக்கும் கை வேண்டும். நிலமோ துண்டு போடத் தாங்காது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கும் இடந்தான் மிஞ்சும். ஆகவே மிபோரோவிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வீட்டுக்கு ஒருவன், வாரிசான மகன், அவனுக்கு மாத்திரமே ஊரறியக் கல்யாணம். அவன் மனைவி ஒருத்திதான் வீட்டுக்கு வரும் மருமகள். மற்றத் தம்பிகளும் தங்கைகளும் பிறந்த வீட்டிலேயே இருந்து உழைத்து, அங்கேயே கிழவனும் கிழவியும் ஆகி, அங்கேயே கண்ணை மூட வேண்டியது.

அவர்களெல்லாம் பிரம்மசாரிகளா என்றால் அதுவும் இல்லை. தம்பி இரவில் வேறொரு வீட்டுப் பெண்ணிடம் போவான். விடிவதற்குள் தன் வீடு திரும்பி அண்ணனுடைய வயலில் இறங்குவான். பிறக்கும் குழந்தைகள் தாயின் வீட்டைச் சேர்ந்தவை. தாயின் அண்ணனோ, அவன் மகனோ அந்த வீட்டின் எஜமான். மலையாளத்துத் தறவாடும் மருமக்கள் தாயமும் அறிந்த வாசகர்களுக்கு இது முற்றிலும் புதியது அல்ல. ஆனால் அங்கே சொத்து பெண்வழி இறங்கியது. இங்கேயோ சொத்து ஆண்வழியேதான், மூத்தவன் வழியேதான். மற்றப் பிள்ளைகள் இரண்டு வழியிலும் சேராதவர்கள். இப்படித்தான் ஒரு கூரையின் கீழ் முப்பதும் நாற்பதுமாக ஜனங்கள் சேர்ந்தார்கள். பட்டு விலை ஏறிய மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்கும் 1912-க்கும் இடையில், இந்த வீட்டின் ஜனத்தொகை உச்சத்துக்குப் போயிற்று.

கீழ்த்தளத்தின் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. வெளிச்சம் கிடையாது, ஜன்னல் கிடையாது. படுப்பதற்கான அறை. அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மேல்மாடியில் புழுக்களுக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காற்று! புழு நூல் கொடுக்கும், நூல் காசு கொடுக்கும். மனிதர் வெறும் கைதானே கொடுத்தார்கள்?

பனி கொட்டும் இரவில் ஒருவன் வைக்கோல் செருப்பு மாட்டிக்கொண்டு தன் குழந்தையைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். விடிவதற்கு முன் அவன் எழுந்துவிட வேண்டும். பகலில் ஆற்றங்கரையில் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் என்ன என்று கூப்பிடுவான்? அந்தப் பிள்ளை இவனை என்னவென்று அழைக்கும்? ஊருக்கெல்லாம் தெரிந்த உறவுதான். அதில் வெட்கம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் தன் பிள்ளையின் தட்டில் தன் கையால் ஒரு கவளம் வைக்கும் உரிமை அவனுக்கு இருந்ததா? டௌட் வியந்த உத்தரங்களுக்கு அடியில் நின்றுகொண்டு நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணப்பருகில் ஓர் அம்மாள் உட்கார்ந்து விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கூட வந்த நண்பர் மூலம், "இவ்வளவு பேர் ஒன்றாக இருந்தார்களே, சந்தோஷமாக இருந்திருப்பார்களா?" என்று அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கதவைத் திறந்து போக வழி இருந்தபோது போனார்கள்" என்றார்.

அது உண்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலைகள் வந்தன, வெளியூரில் கூலி வேலை வந்தது, தம்பிகள் போனார்கள். ஹிடாவின் ஏழைப் பெண்கள் ஏற்கெனவே நொமுகி கணவாயைக் கால்நடையாகக் கடந்து ஓகாயாவின் பட்டாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெருங்குடும்பம் கலைந்தது. யாரும் சட்டம் போட்டுக் கலைக்கவில்லை. 1930-இல் பட்டு விலை சரிந்தது. 1938-இல் அமெரிக்காவில் நைலான் அறிமுகமாயிற்று. மேல்மாடி காலி. 1924-இல் ஷிராகாவா கிராமத்தில் சுமார் 300 கைகூப்பிய வீடுகள் இருந்தன, 1961-இல் 190. வேலை போன வீட்டுக்குப் புல் வேய்வது வெட்டிச் செலவு என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பு இல்லை.

நடுவில் அணையும் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானுக்கு மின்சாரப் பசி. ஷோ ஆற்றின் குறுக்கே, இந்த வீட்டுக்குச் சற்று மேலே, 131 மீட்டர் உயரத்துக்குக் கல்லும் மண்ணும் கொட்டி மிபோரோ அணையை 1961-இல் கட்டி முடித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஊர்கள் தண்ணீருக்கு அடியில் போயின. ஊரார் பல வருஷங்கள் எதிர்த்து நின்று, 1959-இல் மனமில்லாமல் இசைந்தார்கள். அணை கட்டிய ஸ்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த தகாசாகி தத்சுனொசுகே, மூழ்கப் போகும் கோயில் முற்றத்தில் ஒரு கிழட்டுச் செர்ரி மரத்தைப் பார்த்து மனம் பொறாமல், அதையும் வேறொரு கோயில் முற்றத்து மரத்தையும் 1960-இல் வேரோடு பெயர்த்து மேட்டில் நடச் செய்தார். நானூறு வயது தாண்டிய மரங்கள். பிழைக்காது என்றுதான் பலரும் சொன்னார்கள். பிழைத்துவிட்டன. நீர்த்தேக்கத்தின் கரையில் இன்றும் வசந்தத்தில் பூக்கின்றன.

மரங்களைப் போலவே சில வீடுகளும் இடம் பெயர்ந்தன. 1751-இல் கட்டிய ஒரு வீடு 1959-இல் தகாயாமாவுக்குப் போயிற்று. இன்று அங்குள்ள ஹிடா நாட்டுப்புறக் கிராமத்தில் நிற்கிறது. இன்னொன்று, ஒரு செல்வந்தரின் வீடு, 1960-இல் கடற்கரையிலிருக்கும் யோகோஹாமாவுக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே ஸான்கெய்-என் என்ற பெரிய தோட்டத்துக்குள் வைத்தார்கள். அந்தத் தோட்டத்தை உண்டாக்கி 1906-இல் ஊராருக்குத் திறந்துவிட்டவர் ஹாரா தொமிதாரோ. அவர் யார் தெரியுமா? பட்டு ஏற்றுமதி வியாபாரி. தொமியோகாவின் புகழ்பெற்ற பட்டாலையை 1902-இல் வாங்கி நடத்தியவர். மலைநாட்டில் புழு வளர்த்த வீடு, தன் உலகத்துப் பட்டையெல்லாம் கப்பலேற்றிய ஊரில், பட்டு வியாபாரி போட்ட தோட்டத்தில் வந்து குந்திவிட்டது. நூல் போன வழியே வீடும் போயிற்று.

தோயாமா வீடு அணைக்குக் கீழ்ப்பக்கம் இருந்ததால் மூழ்காமல் தப்பியது. 1971-இல் அரசாங்கம் அதை முக்கியக் கலாசாரச் சொத்து என்று பதிவு செய்தது. அதே வருஷம், சற்றுத் தொலைவில் ஓகிமாச்சி ஊர் ஜனங்கள் கூடி மூன்று பிரதிக்ஞைகள் செய்துகொண்டார்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை. சுற்றிலும் ஊர்கள் அழிவதைப் பார்த்தவர்கள் தாங்களாகவே எடுத்த முடிவு. 1976-இல் அரசாங்கம் அந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. 1995-இல் கொக்கயாமாவின் இரண்டு சிற்றூர்களோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இப்போது சுமார் ஆயிரத்தைந்நூறு பேர் வாழும் கிராமத்துக்கு வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து போகிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இந்த வீடுகளைக் காப்பாற்றுவது சாமானியமல்ல. ஒரு முழத்துக்கு மேல் கனமுள்ள புல்கூரை. முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து வேய வேண்டும். அதற்கு 'யூய்' என்று ஒரு முறை. இன்று உன் வீட்டுக் கூரைக்கு நான் வருகிறேன், நாளை என் வீட்டுக் கூரைக்கு நீ வர வேண்டும். நூறு இருநூறு பேர் கூரை மேல் எறும்பு போல ஏறி ஒரே நாளில் ஒரு சரிவை முடித்துவிடுவார்கள். யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு கொண்டுவந்தார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பார்கள். நம் கல்யாண வீட்டு மொய் நோட்டுத்தான்! அதிலும் பணத்தைவிடக் கணக்கு முக்கியம், கணக்கைவிட உறவு முக்கியம் அல்லவா? இப்போது கூலிக்கு ஆள் வைத்து வேய்வதும் உண்டு. ஆனாலும் 2001-இல் ஒரு பெரிய வீட்டின் கூரைக்கு, வெளியூர்த் தொண்டர்களும் சேர்ந்து ஐந்நூறு பேர் வரை திரண்டார்கள். புல்கூரைக்கு நெருப்புத்தான் எமன் என்பதால், வருஷந்தோறும் இலையுதிர் காலத்தில் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் நீர்ப்பீச்சிகளைத் திறந்து ஒத்திகை பார்க்கிறார்கள். தண்ணீர் வில்லாக எழுந்து கூரைகளை மறைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு விசித்திரமாகப் பட்டது அந்தப் புகை. கணப்பு எரிந்தால் புகை புல்லில் ஏறும். பூச்சி அண்டாது, ஈரம் தங்காது, கயிறும் கட்டும் உறுதிப்படும். கணப்பை அணைத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறிய வீடுகளில் கூரையின் ஆயுள் குறைந்துபோயிற்று. ஆகவே குடும்பம் இல்லாத வீட்டிலும், காட்சிக்கு வைத்த வீட்டிலும், யாராவது ஒருவர் வந்து அடுப்பு மூட்டியாக வேண்டும். சமைப்பதற்கு அல்ல, குளிருக்கு அல்ல, வீட்டுக்கு. முன்பு மனிதர்களுக்காக எரிந்த நெருப்பு வீட்டைக் காத்தது. இப்போது வீட்டுக்காக எரியும் நெருப்பைச் சுற்றி நாம் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் என் சட்டையெல்லாம் அந்தப் புகை வாசனை. எங்கள் பழைய வீட்டுச் சமையலறை வாசனை அது. எங்கள் வீட்டிலும் ஓர் அத்தைப்பாட்டி இருந்தாள். பதினாறு வயதில் தாலி இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். அறுபது வருஷம் அந்த அடுப்பை ஊதினாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, எச்சில் இட்டு மெழுகின தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எங்கள் வீட்டுப் பெருமையைப் பற்றி நான் எழுதிய கதைகளில் அவளுடைய சமையல் வருகிறது. அவள் எங்கே படுத்துக்கொண்டாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்று இருந்தது. அந்த வீட்டை விற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன, வாங்கினவர்கள் இடித்துவிட்டார்கள். போய்ப் பார்க்கலாம் என்றால் அறையும் இல்லை, வாசலும் இல்லை.

இதனால்தான் தோயாமா வீடு நிற்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அழகுக்காக நிற்கட்டும்; ஆணியில்லாத கூரைக்காகவும் நிற்கட்டும். அந்த இருட்டு அறையும் அதே வீட்டில் அப்படியே இருக்கிறதே, அதற்காக அவசியம் நிற்க வேண்டும். இடித்துவிட்ட வீட்டைப் பற்றி நாம் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். நிற்கிற வீட்டின் முன்னால் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியாது.

இனிமேல் யாராவது என்னிடம் "வேளைக்கு ஐம்பது இலை விழும்" என்று சொன்னால், முன்போலத் தலையாட்ட மாட்டேன். கடைசி இலையில் உட்கார்ந்தது யார் என்று கேட்பேன்.